கண்புரையும் கிருஷ்ணரின் நீலமும்

கண்புரை என்றால் வயதானவர்களுக்கு வருவது, பார்வை மங்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. பார்வை மங்குவதற்கு வெகு முன்பே அது நிறங்களில் கைவைக்கும், அதுவும் நமக்கே தெரியாமல் கைவைக்கும் என்று யாரும் சொன்னதில்லை. படம் வரைந்து பிழைப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி என்பது பட்ட பிறகுதான் விளங்கியது. ஓவியம் வரைகிறவர்கள், தையல், கோலம், பூ அலங்காரம் என்று நிறத்தோடு புழங்குகிறவர்கள் யாராவது ஐம்பதைத் தாண்டியிருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவள். வயது 56. கணவர் இல்லை, மகள் பெங்களூரில் வேலை. பலகையில் துணி ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் கலந்து பூசித் தேய்ப்பதிலிருந்து, கல் பதித்து, மக்கு என்கிற பசையால் மேடு வைத்து, தங்க ரேக் என்கிற மெல்லிய தங்கத் தகடு ஒட்டி, நிறம் கொடுத்து, கடைசியில் சாமிக்குக் கண் திறப்பது வரை எல்லாம் என் கைதான். அது சோற்றுக்கு. மனசுக்கு வாட்டர் கலர். பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையோரம் தம்பிக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சம்பா நடவு முடிந்ததும் அங்கே போய் வரப்பில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பேன்.

முதலில் வந்த அறிகுறி நல்ல செய்தி மாதிரிதான் வந்தது. பல வருஷமாக வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் ஒரு ஜெய்ப்பூர் கல்லைக்கூட எடுத்து வைக்க முடியாதவள், ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கல் பதித்துக்கொண்டிருந்தேன். ஊசியில் நூல் கோர்த்தேன். பஞ்சாங்கம் படித்தேன். பக்கத்து வீட்டு மாமி, "உனக்கு வயசு குறையுதுடி" என்றாள். எனக்கும் பெருமைதான். பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி இறுகிக் கெட்டியாகும்போது ஒளியை அதிகமாக வளைக்கும், அதனால் தூரப்பார்வை குறைந்து கிட்டப்பார்வை கொஞ்ச காலத்துக்குத் தெளிவாகும் என்று. வெள்ளெழுத்து தானாக மறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், கண் டாக்டரிடம் போங்கள். நான் போனது கண்ணாடிக் கடைக்கு. தூரத்தில் பஸ் பெயர்ப்பலகை தெரியவில்லை என்றதும் பவர் மாற்றிக் கொடுத்தார்கள், சில மாதத்தில் மறுபடி மாற்றிக் கொடுத்தார்கள். ஏழாயிரம் ரூபாய் போயிற்று. ஏன் இவ்வளவு சீக்கிரம் பவர் மாறுகிறது என்று கடையில் ஒருவரும் கேட்கவில்லை. அடிக்கடி பவர் மாறினால், சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்க்கிற பரிசோதனையை டாக்டரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். அன்றைக்கு ஸ்கூட்டி ஓட்ட முடியாது, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது என்னைப் போல ஆட்டோவில் போங்கள்.

அப்புறம் நீலப் பிரச்சனை. சென்னையில் ஒரு கிருகப்பிரவேசத்துக்கு வெண்ணெய் கிருஷ்ணர் கேட்டார்கள். எங்கள் பாணியில் குழந்தைக் கிருஷ்ணரை வெளுப்பாகப் போடுவதும் உண்டு, ஆனால் அவர்களுக்கு நீலம்தான் வேண்டும் என்றார்கள். எத்தனையோ போட்ட கிருஷ்ணர்தான், கலவை கைக்கு மனப்பாடம். ஆனால் இந்த முறை எவ்வளவு கலந்தாலும் என் மனசில் இருக்கிற அந்த நீலம் வரவில்லை. சாம்பல் பூத்த மாதிரியே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நீலத்தைக் கூட்டிக்கொண்டே போய், வந்துவிட்டது என்று திருப்தியானபோது முடித்து அனுப்பினேன். பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே போன். "என்னம்மா இது, டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துப் பூசிட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. எனக்கு ஆத்திரம். அவர்கள் வீட்டு எல்இடி விளக்கைக் குறை சொன்னேன். கடைசியில் படம் திரும்பி வந்தது, 18,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அதே மாதம் தஞ்சாவூர்க் கடைக்காரர் இரண்டு படங்களைத் திருப்பி அனுப்பினார். காமதேனுவும் கன்றும் சொட்டு நீலம் போட்டு அலசியது போல இருக்கிறதாம். அவை இரண்டும் 22,000 ரூபாய்க்குப் பேசியிருந்தவை. அவர் அதற்குப் பிறகு ஆர்டரே கொடுக்கவில்லை.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? கை போய்விட்டது என்று நினைத்தேன். கண் என்று தோன்றவேயில்லை, ஏனென்றால் கண்தான் கண்ணாடியே வேண்டாம் என்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறதே! ராத்திரியில் எழுந்து, செய்து முடித்த படங்களை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து வைத்துப் பார்ப்பேன். எதிலும் குறை தெரியாது. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால், "போதும்மா, இங்க வந்துடு" என்பாள். இன்னும் குழப்புகிற மாதிரி, வயலில் வரைந்த வாட்டர் கலர்களை மட்டும் எல்லோரும் பாராட்டினார்கள். நிறம் அப்படியே இருக்கிறது என்றார்கள். ஒரே ஆள், ஒரே கண், ஒரே கை. அங்கே சரி, இங்கே தப்பு.

முடிச்சு அவிழ்ந்தது வயலில்தான். எங்கள் பக்கம் சில விவசாயிகள் யூரியா போடுவதற்கு முன் இலை வண்ண அட்டை என்று ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை படிப்படியாக நிறம் போட்ட பிளாஸ்டிக் அட்டை. பயிரில் முழுதாக விரிந்த மேல் இலையை அதன்மேல் வைத்து எந்தப் பட்டையோடு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். குறிப்பிட்ட படிக்குக் கீழே போனால் தழைச்சத்து வேண்டும் என்று அர்த்தம். தம்பி கையெல்லாம் சேறு. "அக்கா, நீதான் கலர்ல கெட்டிக்காரியாச்சே, நீ பாரு" என்று அட்டையை என்னிடம் நீட்டினான். இலையை நடுவில் வைத்துப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்துப் பட்டை இரண்டும் எனக்கு ஒரே பச்சையாகத் தெரிந்தது. "இது ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தான். களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, "இதுக்கும் இதுக்கும் நடுவுல, இந்தப் பக்கம் ஒட்டி" என்று விரல் வைத்துச் சொல்லிவிட்டுக் குனிந்துவிட்டார். எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. வரப்பிலேயே நின்று ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன், அப்புறம் மற்றொரு கண்ணை. தம்பி வேட்டியின் வெள்ளை இரண்டு கண்ணுக்கும் இரண்டு வெள்ளையாக இருந்தது. வலது கண்ணில் ஏறக்குறைய பழுப்பு.

அந்த அட்டையைப் பயன்படுத்த தம்பி சொன்ன விதிகளை நான் இப்போது வரைகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள் பார்க்க வேண்டும். வெயில் நேராக இலையில் படக்கூடாது, நம் உடம்பு நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல்முறை பார்த்தவரே கடைசி வரை பார்க்க வேண்டும், ஆள் மாறினால் கணக்கு மாறிவிடும். நிறம் என்பது பொருளில் பாதி, வெளிச்சத்திலும் பார்க்கிறவர் கண்ணிலும் மீதி என்று எந்த ஓவிய வகுப்பிலும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. பரிசோதனையும் எளிது. மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கண்களை மாற்றி மாற்றிப் பொத்திப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் புரை ஒரே அளவில் இருந்தால் இது காட்டிக்கொடுக்காது. அப்போது கருநீல ஜாக்கெட் துணியையும் கறுப்புத் துணியையும் அருகருகே வைத்து இருபது வயதுப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு ஒப்பிடுங்கள்.

டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம் என்றார். லென்ஸ் மஞ்சளாகிப் பழுப்பாகும்போது முதலில் தடுக்கப்படுவது நீல ஒளி. அது வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பதால் மூளை பழகிக்கொள்கிறது, வெள்ளை வெள்ளையாகவே தெரிவதாக நம்பவைக்கிறது. அப்போதுதான் என் குழப்பத்துக்கு விடை கிடைத்தது. வயலில் நான் பயிரையும் அந்த மஞ்சள் லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறேன், தாளில் இருக்கிற வண்ணத்தையும் அதே லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறேன். இரண்டிலும் ஒரே பிழை, கழிந்துவிடுகிறது. கிருஷ்ணருக்கு அப்படி ஒரு முன்மாதிரி எதிரில் இல்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய கண்ணால் பார்த்த நீலம் ஞாபகத்தில் இருக்கிறது, அதற்கு ஈடாகப் பலகையில் நீலத்தைக் கொட்டியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், கவிதை எழுதுகிறவர். அவருக்கு முன்பே இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. உங்களுக்கு நிறம் மாறியதா சார் என்று கேட்டேன். "வீட்டுச் சுவர் இவ்வளவு வெள்ளைன்னு தெரிஞ்சுதும்மா, வேற ஒண்ணும் பெரிசா தோணலை" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். சங்கப் பாட்டில் தலைவன் பிரிவால் தலைவி உடம்பில் படரும் பசலையைப் பீர்க்கம்பூ நிறம் என்பார்கள். பாடியவர் எந்த மஞ்சளைப் பார்த்தார் என்பது யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். பீர்க்கம்பூ என்றதும் படிக்கிறவர் தன் வீட்டுக் கொல்லைப் பீர்க்கங்கொடியிலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்கிறார். "நான் நிறத்தை வாசகன்கிட்ட கடன் வாங்கிக்கிறேன், நீ உன் ட்யூபிலிருந்து எடுத்து வைக்கணும். உன் பாடு கஷ்டம்" என்றார். நான் கிருஷ்ணரிடம் செய்ததும் அவர் வேலையைத்தான் என்று பட்டது. மனசில் இருக்கிற நீலத்தைச் சொல்லிவிட்டேன், பார்க்கிறவர்களுக்கு அந்த மனசு இல்லையே. அவரோடு அரசலாற்றங்கரையில் நடந்தால் இன்னொன்றும் தெரியும். எந்தப் பறவை, எந்த மரம், யார் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தொல்காப்பியர் கருப்பொருள் என்று பட்டியல் போட்டதைத்தான் அவர் கண் தேடும். என் கண் நிழல் எந்த நிறம், எது எதைவிடக் கறுப்பு என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கும், கொக்கா நாரையா என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் சொல்லத் தெரியாது. கண் மங்கினாலும் அவர் தொழில் நடக்கும், என் தொழில் படுத்துவிடும் என்பது இதனால்தான்.

பயத்தில் நிறைய படித்தேன். பிரான்ஸ் ஓவியர் மோனேவுக்கு 1912-இல் கண்புரை என்று கண்டுபிடித்தார்கள். அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே போய் 1923-இல்தான் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். நடுவில் ட்யூபில் எழுதியிருக்கும் பெயரையும், தட்டில் வண்ணங்களை வைக்கும் வழக்கமான வரிசையையும் நம்பித்தான் வரைந்திருக்கிறார். இதை நானும் செய்தேன், உடனே பலன் கிடைத்தது. ஒவ்வொரு கலவைக்கும் எத்தனை சொட்டு எது என்று நோட்டில் எழுதி, கண்ணை நம்பாமல் நோட்டை நம்பினேன். வினோத் பிகாரி முகர்ஜியின் கதைதான் தூக்கத்தைக் கெடுத்தது. சாந்திநிகேதனின் பெரிய ஓவியர், 1950-களில் செய்த கண்புரை ஆபரேஷன் தவறிப்போய்ப் பார்வையை முழுக்க இழந்தவர். அதற்குப் பிறகும் காகிதம் வெட்டி ஒட்டியும், களிமண்ணில் வடித்தும், சுவரோவியம் அமைத்தும் வேலை செய்துகொண்டே இருந்தார். பிரமிப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஆபரேஷனுக்கு முதல் வாரம் படிக்க வேண்டிய கதை அல்ல. இன்றைக்கு மிகச் சிறிய துளை போட்டு, புரையை உடைத்து உறிஞ்சி, மடக்கிய லென்ஸை உள்ளே வைத்து விரிக்கிறார்கள், பெரும்பாலும் தையல்கூடக் கிடையாது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

லென்ஸ் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வாயைத் திறந்து, நான் வண்ணம் தீட்டுகிறவள் என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லாதவரை, எந்த பட்ஜெட் என்பது ஒன்றுதான் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. கிட்டம், தூரம் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் என்று விலை அதிகமான ஒன்று இருக்கிறது. வசதிதான், ஆனால் அதில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிற கூர்மை சற்றுக் குறையலாம், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம் என்று டாக்டர் விளக்கினார். நான் தூரத்துக்கு மட்டுமான சாதாரண லென்ஸையே வைத்துக்கொண்டு, வேலைக்குத் தனியாகக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, சில லென்ஸ்களில் லேசான மஞ்சள் சாயம் இருக்கும், நீல ஒளியைக் கொஞ்சம் வடிகட்டுவதற்காக. நிறமற்றதும் இருக்கிறது. எதுவும் கெடுதல் இல்லை, ஆனால் எது உள்ளே போகிறது என்று தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். நான் நிறமற்றதைக் கேட்டு வாங்கினேன். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு வகை வைத்துவிடக்கூடாது. எனக்குக் கண் ஒன்றுக்கு 28,000 ரூபாய் ஆனது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் லென்ஸோடு சேர்த்து இலவசமாகவே செய்கிறார்கள். பணமில்லை என்று யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வலது கண்ணின் கட்டை மறுநாள் காலை அவிழ்த்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவர் நீலம் கலந்த வெள்ளையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதலில் சுவரோரம் திருப்பி வைத்திருந்த அந்தக் கிருஷ்ணரைத்தான் எடுத்துப் பார்த்தேன். ஐயோ! அந்தச் சென்னை அம்மா கொஞ்சமாகத்தான் பேசியிருக்கிறார். இடது கண்ணால் பார்த்தால் மட்டும் இன்னும் அழகாக இருந்தார். அடுத்த ஒரு மாதம், இடது கண்ணுக்கும் செய்யும் வரை, இரண்டு உலகத்தில் இருந்தேன். தலைவலி, படியில் கால் வைக்கத் தயக்கம். அந்தக் காலத்தில் நிறம் கலக்கவே கூடாது. கோடு போடுங்கள், மக்கு வையுங்கள். பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், தூசி கண்ணுக்கு ஆகாது. தனியாக இருப்பவர்களுக்கு இன்னொன்று: மூன்று சொட்டு மருந்து தருவார்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது ஐந்து நிமிஷம் இடைவெளி வேண்டும். பாட்டில்களில் 1, 2, 3 என்று கொட்டை எழுத்தில் எழுதி, செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வலி, சிவப்பு, பார்வை குறைவது, இந்த மூன்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் போய்விட வேண்டும்.

இரண்டு கண்ணும் ஆன பிறகு நீலம் கொஞ்ச வாரங்களுக்குத் தூக்கலாகவே இருந்து, பிறகு மெல்ல அடங்கியது. அதனால் ஆபரேஷன் ஆன வேகத்தில் பழைய படங்களைத் திருத்த உட்காராதீர்கள், மூன்று மாதமாவது நிற வேலை எடுக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் வழக்கமான கலவைகளை ஒரு அட்டையில் பூசி, பின்னால் அளவு எழுதி வைத்துவிடுங்கள். எனக்குப் பெரிய உதவி அதுதான். கிருஷ்ணரின் பலகையும் தங்கமும் வீணாகக் கூடாது என்று உடம்பு நிறத்தை மட்டும், ரேக்கில் படாமல் மெல்லிய பிரஷ்ஷால் மாற்றினேன். பாதி விலைக்குப் போனது.

கடைசியாக இன்ஷூரன்ஸ். என்னிடம் பாலிசி இருந்தது, பணம் வரவில்லை. தனியாக எடுக்கும் பல பாலிசிகளில் கண்புரைக்கு இரண்டு வருஷம் காத்திருப்புக் காலம் உண்டு, எனக்கு அது முடிய இன்னும் சில மாதம் இருந்தது. கண்ணுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்து மகளிடம் சொன்னபோது அழுதாள், அப்புறம் திட்டினாள். அவள் கம்பெனி பாலிசியில் அம்மா பெயரும் இருக்கிறதாம், அதில் காத்திருப்புக் காலமே கிடையாதாம். உங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் இதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.